நெட்டை எழுத்தில் ஒரு பெயர்

பாலம் தாண்டியதும் வலது கைப் பக்கம் இருந்த பம்புசெட்டுச் சுவரில் அந்தப் போஸ்டரைப் பார்த்த மாத்திரத்தில் செண்பகவல்லியின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. உதடு தானாக உச்சுக் கொட்டியது. யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பாவம், பட்டாளத்து உடுப்பு வேறு போட்டிருக்கிறது, சின்ன வயசுதான் போல என்று மனசு ஒரு முடிவுக்கும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கண் எழுத்தைப் படித்தது. ஹவில்தார் வே. கோமதிசங்கரநாராயணன். அவளுடைய புருஷன். கழுத்தைத் திருப்பி இன்னொரு தரம் பார்ப்பதற்குள் பஸ் சுவரைத் தாண்டிவிட்டது, பின்னால் நின்றவர்களின் பைகளும் இடுப்புகளும் ஜன்னலை மறைத்துவிட்டன. ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றுமே ஓடவில்லை. பிறகு ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கியது. சாகவில்லை. வருகிறார். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்ஷன் காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்றைக்குக் காலை ரயிலில் கோவில்பட்டியில் வந்து இறங்கப் போகிறார். அவரைக் கூப்பிடத்தான் அவள் கரட்டூரணியிலிருந்து இந்த முதல் பஸ்ஸைப் பிடித்து, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கிறாள். அது வரவேற்புப் போஸ்டர். ஊர்க் கபடிக் குழுப் பையன்கள் விடிவதற்கு முன்னாலேயே மைதா பசையோடு போய் ரோடு நெடுக ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது அவர்கள், ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அதை அடித்தது நேற்று மத்தியானம் அவளேதான். தான் செய்த போஸ்டரைப் பார்த்துத் தானே உச்சுக் கொட்டியவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

எல்லாம் அந்த எழுத்து வடிவம் செய்கிற வேலை. கம்ப்யூட்டரில் அதற்கு இங்கிலீஷில் ஏதோ பெயரும் நம்பரும் உண்டு. ஜோதிராஜ் அண்ணனின் ஆப்செட் கடையில், அவள் வேலை பார்க்கிற இடத்தில், யாரும் அதைச் சொல்வதில்லை. நெட்டையன் என்பார்கள். நெட்டையனைப் போடு, நெட்டையன் வேண்டாம் கண்ணைக் குத்துது, இப்படி. நல்ல தடிமன், நல்ல உயரம், ஆனால் இரண்டு பக்கமும் கையை வைத்து நெருக்கினாற்போல ஒடுக்கம். மற்ற எழுத்துகளில் ணகரம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். நெட்டையனில் அது முழங்காலைக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டிருக்கும். கொம்பும் துணைக்காலும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நிற்கும், பள்ளிக்கூட நேரத்து டவுன் பஸ் மாதிரி. சுழிகளுக்கு உள்ளே இருக்கிற வெள்ளை, ஊசிக் காது அளவுக்குத்தான் தெரியும். இதனால் என்ன சௌகரியம் என்றால், எத்தனை நீளப் பெயராக இருந்தாலும் ஒரே வரியில் அடக்கிவிடலாம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றும் படித்துவிடலாம். மஞ்சளில் போட்டுச் சிவப்புக் கரை கட்டினால் நெட்டையன் கடலைமிட்டாய் டப்பாவில் பல்லைக் காட்டிச் சிரிப்பான். தேர்தல் வந்தால் தொண்டை கிழியக் கத்துவான். ஆடித் தள்ளுபடிக்குக் கையைப் பிடித்துக் கடைக்குள் இழுப்பான். ஆனால் வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் வந்து நின்றான் என்றால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட அது தெரியும். வண்டியை மெதுவாக்கி, காலை ஊன்றி, "யாருப்பா?" என்று கேட்பார்கள்.

இது செண்பகவல்லிக்குத் தெரியாதா? கடையில் அவள் அடித்ததில் பாதிக்கு மேல் சாவுப் போஸ்டர்தான். அதனாலேயே அவளுக்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். அவர் பெயரை நெட்டையனில் அடிக்கக் கூடாது. விளையாட்டுக்குக்கூடக் கூடாது. புதுக் கீபோர்டு வந்தால் எல்லாரும் வீட்டு ஆள் பெயரை அடித்துப் பார்ப்பார்கள், இவள் தன் பெயரைத்தான் அடிப்பாள். ஒருமுறை சாவு வீட்டார் எழுதிக் கொடுத்த தாளில் கோ, ம, தி என்று வரிசையாக வந்துவிட்டது. அதுவரை அடித்துவிட்டு, எழுந்து வெளியே போய், குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அடுத்த எழுத்து சகரமாக இல்லாமல் நாயகம் என்று போனதற்கு அன்றைக்குச் சாயங்காலமே அம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தாள். அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதும் இல்லை. கட்டிக்கொண்டு வந்த நாளில் மாமியார் சொன்னது, புருஷன் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று. மாமியார் போய்விட்டாள், பயம் போகவில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஆஸ்பத்திரியில் கேட்டால், "நீ சொல்லுட்டி" என்று மகளை முன்னால் தள்ளுவாள். இப்படி வாய்க்கு ஒரு பூட்டு, விரலுக்கு ஒரு பூட்டு போட்டுப் பதினேழு வருஷம் காப்பாற்றியாயிற்று. நேற்று மட்டும் ஏன் அந்தப் பூட்டைத் திறந்தாள்?

சந்தோஷத்தில்தான், வேறென்ன. மனுஷர் சென்னைக்கு வந்து சேர்ந்துவிட்டார், மலையும் பனியும் எல்லாம் பின்னால் போயாயிற்று, ராத்திரி ரயில் ஏறினால் காலையில் வீடு, இனி என்ன பயம் என்று ஒரு நினைப்பு வந்தது பாருங்கள், அந்த நினைப்பு. அதோடு அந்தப் பெயரின் நீளம். எந்த எழுத்தில் போட்டாலும் கோமதிசங்கர மேலே ஒரு வரியில், நாராயணன் கீழே ஒரு வரியில், இரண்டு ஆள் வருகிற மாதிரி உடைந்துதான் நின்றது. அவருக்கு அது ரொம்ப நாள் மனக்குறை. கல்யாணப் பத்திரிகையில் உடைந்தது, கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் உடைந்தது, பட்டாளத்தில் வாய் நுழையாமல் சங்கர் என்று வெட்டியே விட்டார்கள். "முழுசா ஒரே வரியில என் பேரைப் பாக்க எனக்குக் குடுப்பினை இல்ல போல" என்று லீவுக்கு வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தக் கொடுப்பினையை நாமே கொடுத்துவிடுவோம் என்றுதான் அவள் நெட்டையனைத் தொட்டாள். தொட்ட மாத்திரத்தில் பெயர் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் சிப்பாய் வரிசை கணக்காக நிமிர்ந்து நின்றது. நல்ல சிவப்பு கொடுத்திருந்தாள். திரையில் பார்க்க அத்தனை அழகு. கண் பட்டுவிடும் என்றுகூட நினைத்தாள்.

சிவப்பில் வந்திருந்தால் இத்தனை வினை இல்லை. அதற்கும் அவளே அல்லவா தலையாட்டினாள். சாயங்காலம் அவர் எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து பேசிக்கொண்டிருந்த நேரம். உள்ளேயிருந்து மெஷின் ஓட்டுகிற தாவீது எட்டிப் பார்த்து, "யக்கா, மெஷின்ல காலையிலயிருந்து கறுப்பு மை ஓடிக்கிட்டிருக்கு. செவப்பு போடணும்னா மொத்தமா கழுவணும். கறுப்புலயே ஓட்டிரட்டுமா?" என்று கேட்டான். அவர் அந்தப் பக்கம், "சார்ஜ் இல்ல, கட்டாயிரும், பிள்ளை பரீட்சைக்குப் படிக்கிறாளா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு காதில் புருஷன், ஒரு காதில் தாவீது. ஓட்டிரு என்று கையைக் காட்டினாள். கையைக் காட்டியபோது போட்டோவில் அவர் உடுப்பில் இருக்கிறார் என்பது ஞாபகம் வரவில்லை, பெயரே பாதித் தாளை அடைத்துக்கொண்டதால் வருக வருக என்ற சொல் கீழே சுண்டைக்காய் அளவுக்குப் போய்விட்டது ஞாபகம் வரவில்லை, நெட்டையன் கறுப்பில் என்ன ஆவான் என்பதும் ஞாபகம் வரவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றிலும் குற்றமில்லை. சேர்ந்து நின்றபோது, சவ ஊர்வலம்.

சரி, பார்ப்பவர்கள் ஒரு நிமிஷம் பதறிவிட்டு, கிட்டே வந்து வருக வருக என்று படித்துவிட்டுச் சிரிக்கப் போகிறார்கள். அவ்வளவுதானே. அப்படித் தன்னைத்தானே சமாதானம் பண்ணிக்கொண்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டபோதுதான் அடுத்தது உறைத்தது. அவள் அந்தப் போஸ்டரைப் புதிதாகச் செய்யவில்லை. கடையில் யாருமே புதிதாகச் செய்வதில்லை. பழைய ஃபைலைத் திறப்பார்கள், பழைய பெயரை அழிப்பார்கள், அந்த இடத்தில் புதுப் பெயரை அடிப்பார்கள். அளவு, இடைவெளி எல்லாம் தயாராக இருக்கும், மிச்சத்தை மாற்றினால் போதும். பெயர் ஒரே வரியில் வர வேண்டுமே என்று அவள் திறந்தது நேற்றுக் காலையில் முடித்த ஃபைலை. சிந்தாமணி அரவை மில் பெரியவருடைய கண்ணீர் அஞ்சலியை. அவர் பெயர் மேல் இவர் பெயரை அடித்தாள். அவர் போட்டோவை எடுத்துவிட்டு இவர் போட்டோவை வைத்தாள். கண்ணீர் அஞ்சலி என்பதை எடுத்தாள், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அடியில் ஒரு பொடி வரி உண்டு. தோற்றம் என்று போட்டு ஒரு தேதி, மறைவு என்று போட்டு ஒரு தேதி. அதை எடுத்தாளா?

எடுத்தாளா? எடுத்திருப்பாள். எடுக்காமல் எப்படி இருப்பாள்? கையால் எடுத்த ஞாபகம் வருகிறதா என்று கண்ணை மூடிப் பார்த்தாள். வரியைத் தேர்ந்தெடுத்தது, நீல நிறத்தில் அது மின்னியது, அழிக்கிற பொத்தானை அமுக்கியது, எல்லாம் வந்தது. ஆனால் அந்த ஞாபகம் நேற்றையதா, வேறு என்றைக்கோ செய்ததா என்று தெரியவில்லை. தினமும் பத்துத் தரம் செய்கிற காரியத்தில் ஒரு தரத்தை எங்கே போய்த் தனியாகப் பிடிப்பது? அடுப்பை அணைத்தோமா என்கிற மாதிரிதான் இதுவும். ஆனால் அடுப்பு என்றால் திரும்பிப் போய்ப் பார்த்துவிடலாம். இது ரோடு முழுக்க ஒட்டியாயிற்று. மறைவு என்று போட்டு நேற்றைய தேதி, அவர் பெயருக்கு நேர் கீழே. நேற்று ராத்திரி ஓடுகிற ரயிலில் அவர் இருந்த நேரத்தில் அது அச்சாகிக்கொண்டிருந்தது. பேசாமல் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வரலாமா? அடுத்த பஸ் எப்போதோ. ரயில் வந்து அவர் தனியாக நிற்பார். நிற்பாரா?

அதோ இன்னொன்று, கரிசல் காட்டு நடுவே நிற்கிற நிழற்குடையில். பஸ் அங்கே நின்றது, நல்லவேளை. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பெண்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். செண்பகவல்லி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டு கண்ணில் விளக்கெண்ணெய் விட்ட மாதிரி பார்த்தாள். போட்டோ தெரிந்தது. பெயர் தெரிந்தது, அது தெரியாமல் இருக்குமா, கறுப்பு வேலி மாதிரி. பெயருக்குக் கீழே தாளே இல்லை. ஒரு செவலை மாடு பசைக்கு ஆசைப்பட்டு அடிப்பக்கத்தை நக்கிக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. வருக வருகவையும் தின்றுவிட்டது. இனி அந்த நிழற்குடையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு உடுப்புப் போட்ட ஒரு முகமும் நெட்டையனில் ஒரு பெயரும் மட்டும்தான். வாயை அசைபோட்டுக்கொண்டே அந்த மாடு அவளைத் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

பக்கத்தில் ஒரு பெரியம்மா வந்து உட்கார்ந்தாள், மடியில் ஆஸ்பத்திரி ஸ்கேன் கவரோடு. அவளும் அந்தப் போஸ்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் கிளம்பியதும் பெருமூச்சு விட்டு, "எந்த ஊர்ப் பிள்ளையோ" என்றாள். செண்பகவல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெரியம்மா விடவில்லை. "மூஞ்சியப் பாரு, லட்சணமா இருக்கான். பொண்டாட்டிக்காரி என்ன பாடு படுதாளோ. எப்பக் கொண்டு வாராகளாம், தெரியுமாம்மா?" கொண்டு வருகிறார்கள். இல்லை பெரியம்மா, அவராக வருகிறார், காலால் நடந்து வருகிறார், அந்தப் பொண்டாட்டிக்காரி நான்தான், பாருங்கள், பூ வைத்திருக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். வருகிறார் என்று உறுதியாகச் சொல்ல அவளிடம் என்ன இருக்கிறது? நேற்றுச் சாயங்காலத்துப் பேச்சு ஒன்று. அதற்கப்புறம் ஒரு ராத்திரி முழுசாகப் போயிருக்கிறது. சொல்லிவிட்டு அது பொய்யாகப் போனால்? "தெரியலைங்க" என்றாள். சொன்ன பிறகு அந்தச் சொல்லும் பயமாக இருந்தது. கண்டக்டர் வந்தார். தினமும், "என்னக்கா, கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?" என்று வம்பிழுக்கிற மனுஷர். இன்றைக்கு ஒன்றும் கேட்காமல், அவள் முகத்தைப் பார்க்காமல், டிக்கெட்டைக் கிழித்துக் கையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். கூட்டத்தினால் பேசவில்லையா, இல்லை அவருக்கு ஏதாவது தெரியுமா? என்ன தெரியும், தெரிவதற்கு என்ன இருக்கிறது, சனியன் பிடித்த மனசே, சும்மா இரு.

போனை எடுத்து அவருக்கு அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல், ஈவு இரக்கம் இல்லாத குரல். சார்ஜ் இல்லை என்று அவரே சொன்னார். தெரிந்ததுதான். தெரிந்தும் இன்னொரு தரம் அடித்தாள். ரயிலில் என்ன ஆபத்து வரும்? ஒன்றும் வராது, ஒரு டீயைத் தவிர. அவருக்கு அந்தக் கிறுக்கு உண்டு. ரயில் எந்த ஸ்டேஷனில் நின்றாலும் இறங்கி டீ குடிக்க வேண்டும்; குடித்து முடிப்பதற்குள் வண்டி நகரும்; நகர்ந்த பிறகு கிளாஸைக் கொடுத்துவிட்டு, ஓடிவந்து, கம்பியைப் பிடித்து ஏறுவார். கல்யாணமான புதிதில் அவளைப் பெட்டிக்குள் உட்கார வைத்துவிட்டு அப்படி ஏறினார்; அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. "துப்பாக்கிக்கு முன்னால நிக்கிறவனுக்கு இதென்ன பெரிய காரியம்?" என்று சிரித்தார். குண்டுக்கும் பனிக்கும் தப்பியவர்கள் இந்த மாதிரி ஒன்றும் இல்லாத காரியத்தில்தான் போவார்கள். அவள் அடித்த போஸ்டர்களே சாட்சி. மாடியில் கொடி கட்டப் போனவர், பக்கத்துத் தெருவுக்குப் பால் வாங்கப் போனவர். வாடிப்பட்டியோ, மதுரையோ, ஏதோ ஒரு பிளாட்பாரம், விடிகிற நேரம், கையில் டீ, கால் ஒரு அங்குலம் தவறி. நிறுத்து. விருதுநகர் தாண்டினால் அவர் இறங்க மாட்டார், ஊர் வந்துவிட்டது என்று வாசலிலேயே நிற்பார். வாசலில் நிற்பார்! நிறுத்து என்றால் நிறுத்து.

தாவீதைக் கேட்டால் தெரியும். அவன்தானே ஓட்டினான். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகு தூக்கக் கலக்கத்தோடு எடுத்தான். "தாவீது, நேத்து அண்ணன் போஸ்டர் அடியில ஏதாவது பொடி வரி இருந்துச்சா?" "என்ன வரிக்கா?" அவளுக்கு அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் பெரியம்மா காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். "தேதி போட்ட வரி ஏதாவது." "நான் என்னத்தக் கண்டேன், மை சரியா விழுதான்னு பாப்பனா, எழுத்தைப் படிச்சுக்கிட்டு இருப்பனா? ஏன்க்கா, அண்ணன் பேரு கும்முனு விழுந்துச்சே, பாக்கலியா?" "பாத்தேன்" என்றாள். "கடையில மிச்சம் ஒண்ணு கெடக்கும், சாவி ஜோதிராஜ் அண்ணன்ட்ட இருக்கு, ஒம்பது மணிக்குப் பாத்துச் சொல்லுதேன்" என்று வைத்துவிட்டான். ஒன்பது மணிக்கு. அதற்குள் ரயில் வந்துவிடும்.

அருள்ராஜ் போஸ்டருக்குத் தேதி அவள் அடித்ததுதான் இப்போது நினைவுக்கு வர வேண்டுமா? அருள்ராஜ் அவரோடு ஒன்றாகப் பட்டாளத்துக்குப் போனவன், பக்கத்து ஊர், பனிச்சரிவில் போய்விட்டான். போஸ்டர் அடிக்க அவன் வீட்டார் இவள் கடைக்குத்தான் வந்தார்கள். எத்தனையோ முகம் தெரியாத பேருக்கு அடித்த கை, அன்றைக்கு வீர வணக்கம் என்று அடிக்கும்போது மரத்துப் போய்விட்டது. உடுப்புப் போட்ட போட்டோ, கீழே நெட்டையன். அவரும் அருள்ராஜும் ஒரே ஸ்டுடியோவில் ஒரே நாளில் எடுத்த போட்டோ, பின்னால் அதே நீலத் திரை. ராத்திரி போனில் அவரிடம் சொன்னபோது அந்தப் பக்கம் "ம்" என்று மட்டும் கேட்டது. சாப்பிட்டீர்களா என்றால் ம். குளிராக இருக்கிறதா என்றால் ம். கடைசியில், "பேரைப் பெருசா போட்டியா?" என்று கேட்டார். போட்டேன் என்றாள். "நல்லது" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவள் நிறைய நாள் யோசித்திருக்கிறாள். லீவுக்கு வருகிற முகம் எப்போதும் சிரிக்கிற முகம்தான், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அருள்ராஜ் பெண்டாட்டி போஸ்டர் ஒட்டியிருந்த சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பெயரைத் தடவித் தடவி அழுதாள் என்று பிறகு சொன்னார்கள். எழுத்து பெரிதாக இருந்தது, தடவ வசதியாக இருந்திருக்கும். இப்படி ஒரு நினைப்பு தனக்கு ஏன் வருகிறது என்று செண்பகவல்லிக்கு அருவருப்பாக இருந்தது.

ஸ்டேஷன் ரோட்டில் இறங்கியதும் அவள் நேரே எதிர்ச் சுவருக்குத்தான் ஓடினாள். பையன்கள் அங்கே வரிசையாக நாலைந்து ஒட்டியிருந்தார்கள், கிழியாமல், சுருக்கம் இல்லாமல், பசை ஈரம்கூடக் காயாமல். மூக்கு சுவரில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து அடியைப் பார்த்தாள். பணி நிறைவு செய்து ஊர் திரும்பும் எங்கள் அண்ணனை வருக வருக என வரவேற்கிறோம், கரட்டூரணி கபடிக் குழு. அவ்வளவுதான். மறைவு இல்லை. தேதி இல்லை. அடுத்ததைப் பார்த்தாள், அதிலும் இல்லை. எல்லாம் ஒரே அச்சு என்று தெரிந்தும் கடைசி வரை பார்த்தாள். தாயே என்று சுவரிலேயே சாய்ந்துகொண்டாள். சாய்ந்தபோதுதான் வலது மூலையில் கண் போனது. விளக்கு. ஒற்றை முகம் எரிகிற சின்னக் குத்துவிளக்கு. மில் பெரியவருடையது. பெயரை எடுத்தாள், போட்டோவை எடுத்தாள், தேதியை எடுத்தாள், அவர் தலைமாட்டு விளக்கை அப்படியே வைத்துவிட்டாள். நல்ல காரியத்துக்கும் விளக்கு வைப்பார்கள்தானே, கல்யாணப் பத்திரிகையில் இல்லையா என்று சொல்லிப் பார்த்தாள். கல்யாணப் பத்திரிகையில் ஐந்து முகமும் எரியும். நகத்தால் அந்த மூலையைச் சுரண்டினாள். பசை நன்றாகப் பிடித்திருந்தது. பையன்கள் அக்கறையாக ஒட்டியிருந்தார்கள்.

ரயில் கூவிக்கொண்டு வந்தது. பிளாட்பாரத்துக்கு ஓடினாள். அவர் பெட்டி எண் மனப்பாடம், அது சரியாக அவள் முன்னால்தான் வந்து நின்றது. இறங்கினார்கள்: ஒரு கைக்குழந்தைக்காரி, மூட்டையோடு இரண்டு வியாபாரிகள், கல்லூரிப் பையன்கள். அவர் இறங்கவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜன்னலோர சீட்டில் ஒரு பச்சைக் கம்பளி மடித்து வைத்திருந்தது, கீழே அவர் கறுப்புத் தகரப் பெட்டி, வெள்ளைப் பெயிண்டில் இரண்டு வரியாக உடைந்த அந்தப் பெயர். பெட்டி இருக்கிறது, ஆள் இல்லை. எதிர் சீட்டுக்காரர், "சாரோட வீட்டுக்காரம்மா நீங்களா? டீ குடிக்க இறங்கினாரு, சாத்தூர்ல. அப்புறம் பாக்கலியே" என்றார். சாத்தூரில். கத்த வேண்டும் போலிருந்தது, யாரைக் கூப்பிட்டுக் கத்துவது, எந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவது? அவளிடம் கூப்பிட ஒரு பெயர்கூட இல்லை. விசில் ஊதினார்கள். பெட்டியையும் கம்பளியையும் எப்படி இழுத்துக் கீழே போட்டாள் என்று தெரியாது. ரயில் நகர்ந்தது, பெட்டி பெட்டியாகத் தாண்டியது, போய்விட்டது. காலியான பிளாட்பாரத்தின் அந்தக் கடைசியில், பட்டாளத்துத் தொப்பியும் சாதாரணச் சட்டையுமாக, ஒரு மனுஷர் கையில் பேப்பர் கப்போடு சாவகாசமாக நடந்து வந்துகொண்டிருந்தார். "சாத்தூர்ல வண்டி நகந்துருச்சு. கடைசிப் பெட்டிதான் கையில ஆம்பிட்டுச்சு. சாமான நீ எறக்கிருவேன்னு தெரியும்" என்றார், சிரித்துக்கொண்டே. அவள் அந்தக் கப்பைப் பிடுங்கித் தண்டவாளத்தில் எறிந்தாள். "அடியேய், பாதி இருந்துச்சு" என்றார்.

இரண்டு பேருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அந்தச் சுவரை அவர் கண்ணில் படாமல் எப்படித் தாண்டுவது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் கனம் அவள் பக்கம் சாய்ந்தது. அவர் நின்றுவிட்டிருந்தார். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பும் உடுப்பும்தான் கண்ணில் பட்டிருக்க வேண்டும், எழுத்தைப் படிக்கிற அளவுக்குக் கண் போகவில்லை. பெட்டியை மெள்ளக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். முதுகு நிமிர்ந்தது, குதிகால்கள் சேர்ந்தன, கைகள் தொடையோடு ஒட்டிக்கொண்டன. "யாரு, செண்பகம்?" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "நம்ம பக்கத்துப் பயலா? எனக்கு ஏன் யாரும் சொல்லல?" அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னம் இரண்டும் உள்வாங்கி, கண் இமைக்காமல், உதடு வெளுத்து, பத்து வயசு கூடின முகம். இதை அவள் பார்த்ததே இல்லை. அந்த "ம்"முக்குப் பின்னால் இருந்தது இந்த முகம்தான். தான் மட்டும்தான் பயந்துகொண்டிருந்தோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாளே.

அவர் கேட்டதற்குப் பதில் ஒரு பெயர். வாயால் அவள் சொன்னதே இல்லாத பெயர். இந்தக் கேள்விக்குப் பதிலாக அதை எந்தக் காலத்திலும் சொல்ல மாட்டாள். "யாருமில்லைங்க" என்றாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நடுரோடு என்றும் பார்க்காமல். "யாருமே இல்ல. கிட்ட வந்து படிங்க."

கிட்டே வந்து படித்தார். படித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனது. பிறகு, "அடேயப்பா" என்றார். "ஒரே வரியில வந்திருச்சே." ஹவில்தாரில் தொடங்கி ஒவ்வோர் எழுத்தாகக் கையை வைத்துத் தடவிக்கொண்டே போனார். கடைசி எழுத்தைத் தாண்டிக் கை கீழே இறங்கி, அந்த மூலையில், விளக்கின் மேல் வந்து நின்றது. விளக்கைச் சுற்றி அவள் நகக் கீறல்கள் இருந்தன. அவர் அதைப் பார்த்தார், அவளையும் பார்த்தார். "நல்லாருக்கு" என்றார். திரும்புகிற பஸ்ஸில், வரும்போது வலது பக்கம் இருந்த சுவரெல்லாம் இப்போது இடது பக்கம் வரும் என்று கணக்குப் பண்ணி, அவரை வலது ஜன்னலோரம் உட்கார வைத்தாள். மகள் பரீட்சை, மழை, கபடிப் பையன்கள் என்று அவர் என்னென்னவோ பேசிக்கொண்டே வந்தார், சிரித்துக்கொண்டுதான் வந்தார். நிழற்குடை போனது, பம்புசெட்டுச் சுவர் போனது, பாலமும் போனது. கழற்றிய தொப்பியை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், ஊர் வருகிற வரைக்கும் அதைத் திரும்பத் தலையில் வைக்கவே இல்லை.